குளிர்காலம் முழுக்க நிற்கப்போகும் காரில் எலி புகாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குளிர்கால மாதங்களில் காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் பேட்டரி, டயர், எரிபொருள் மூன்றையும் மறக்காமல் பார்த்துவிடுகிறார்கள். எலிக்கு மட்டும் நாலு அந்துருண்டையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். குளிர் முடிந்து சாவியைத் திருகும்போது ஏசி துவாரத்திலிருந்து பஞ்சும் புழுக்கையும் பறக்கும். இல்லையென்றால் டேஷ்போர்டில் நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும்.

பெரும்பாலும் கெடுவது செய்யாமல் விட்டதால் அல்ல, வரிசை மாறியதால். எலி உள்ளே இருக்கும்போதே ஓட்டையை அடைப்பது, பேட்டரியைக் கழற்றிய பிறகு ஏசி வழியை மூட நினைப்பது, சைலன்சரை அடைத்த பிறகு இன்ஜினை ஓட்ட வேண்டியிருந்தது நினைவுக்கு வருவது. புதிதாகச் செய்பவர்கள் இந்த மூன்றில்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள். ஆகவே கீழே உள்ள எண் வரிசையை மாற்றாமல் போங்கள்.

வெளியே குளிர் ஏற ஏற எலிகள் ஒதுங்க இடம் தேடத் தொடங்கும். காரை நிறுத்தும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே முதல் படியைத் தொடங்கிவிட்டால் அவசரம் இருக்காது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை, அதை வெட்டக் கத்தரி, கட்ட மெல்லிய கம்பி
- துருப்பிடிக்காத எஃகு நார் அல்லது செப்பு நார்
- சட்டென்று அடிக்கும் எலிப்பொறிகள், குறைந்தது எட்டு
- வேக்குவம் கிளீனர், டார்ச், ரப்பர் கையுறை, முகக்கவசம்
- பளிச்சென்ற நிறத்தில் ரிப்பன் அல்லது டேப், ஒரு அட்டை, பேனா
- டால்கம் பவுடர்
- பேட்டரியைக் கழற்ற ஸ்பேனர், முடிந்தால் தானாக நின்று இயங்கும் பராமரிப்பு சார்ஜர்

கம்பி வலையின் கண் அளவில் சமரசம் வேண்டாம். சுண்டெலியின் தலை எந்த ஓட்டையில் நுழைகிறதோ அதில் உடம்பும் நுழைந்துவிடும். அதற்கு 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி, அதாவது ஒரு பென்சில் போகும் அளவே போதும். கோழிக் கூண்டுக்குப் போடும் அகலக் கண் வலையை வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. அதில் சுண்டெலி நிற்காமலே கடந்து போகும்.

## 1. கார் வருவதற்கு முன் ஷெட்டிலிருந்து எலியை விரட்டுங்கள்

முதல் வேலை காரில் இல்லை, கார் நிற்கப்போகும் இடத்தில். ஷெட்டில் ஏற்கெனவே எலி குடியிருந்தால், நீங்கள் கொண்டுவந்து நிறுத்தும் கார் அதற்குப் புது வீடு.

செல்லப் பிராணித் தீவனம், பறவைத் தானியம், புல் விதை ஆகியவை திறந்த சாக்கில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பா போதாது, கடித்து ஓட்டை போட்டுவிடும். பழைய அட்டைப் பெட்டி, துணி மூட்டை, பழைய மெத்தை எல்லாம் கூடு கட்டும் சரக்கு. தரையிலும் சுவரோரத்திலும் எதுவும் குவிந்திருக்கக் கூடாது. சுவரோரம் காலியாக இருந்தால்தான் புழுக்கை கண்ணில் படும்.

அப்புறம் காலி ஷெட்டில் பொறிகளை வையுங்கள். வைக்கும் விதம் 9வது படியில் விரிவாக இருக்கிறது. தொடர்ந்து ஒரு வாரம் எந்தப் பொறியிலும் எதுவும் விழாமல், புதுப் புழுக்கையும் தென்படாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

## 2. ஷெட்டின் ஓட்டைகளை அடையுங்கள்

பகல் வெளிச்சத்தில் ஷெட்டுக்குள் போய்க் கதவை மூடி, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடமும் வாசல்தான். ஷட்டர் அல்லது கதவின் அடியில், இரண்டு ஓரங்களிலும் மூலை சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். குழாயும் மின்வயரும் சுவரைத் துளைக்கும் இடங்களை இரண்டாவதாகப் பாருங்கள்.

சிறு ஓட்டையில் எஃகு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமென்ட் அல்லது சீலன்ட் பூசுங்கள். விரிந்து இறுகும் நுரையை மட்டும் அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எலி அதை ஓரிரவில் குடைந்துவிடும். நுரை நாரைப் பிடித்து வைக்கத்தான் உதவும், எலியைத் தடுப்பது நார்.

கதவடி ரப்பரும் அப்படித்தான். மூலைகளில் ரப்பருக்குப் பின்னால் ஒரு தகட்டுத் துண்டை வைத்துத் திருகிவிடுங்கள்.

எல்லா ஓட்டையையும் அடைத்துவிட முடியாத பழைய கட்டடங்கள் உண்டு. அதற்காக இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். இருபது வாசலை இரண்டாகக் குறைத்தால் பொறிகளை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## 3. காருக்குள் தின்னவும் கூடு கட்டவும் எதையும் விடாதீர்கள்

உணவுத் துணுக்கு என்றால் சிந்திய பிஸ்கட்டை மட்டும் எல்லாரும் நினைக்கிறார்கள். குழந்தை இருக்கையைக் கழற்றி அடியில் பாருங்கள். சீட் ரெயில்களின் பள்ளம், ஹேண்ட் பிரேக் உறையின் ஓரம், டிக்கித் தரை விரிப்பின் அடி, ஸ்டெப்னி குழி, எல்லாவற்றிலும் வேக்குவம் போட வேண்டும். புழுக்கையோ கூடோ தென்பட்ட இடத்தில் மட்டும் வேக்குவம் போடாமல், முதலில் 13வது படியைப் பாருங்கள். மிட்டாய், சூயிங்கம், நாய்க்குப் போடும் பிஸ்கட் எதுவும் மிஞ்சக் கூடாது.

உணவைவிட அதிகம் மறக்கப்படுவது கூடு கட்டும் பொருள். டிஷ்யூ பெட்டி, கிளவ் பாக்ஸில் இருக்கும் காகிதக் கட்டு, பின் சீட்டில் கிடக்கும் கம்பளி, டிக்கியில் வைத்த துடைக்கும் துணி எல்லாம் வெளியே வர வேண்டும். காரின் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். டிஷ்யூ கிடைத்த சுண்டெலி ஒரே இரவில் கூட்டுக்குப் பஞ்சு சேர்த்துவிடும்.

வைப்பருக்குக் கீழே, கண்ணாடியின் அடியில் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்த இலைச் சருகையும் அள்ளுங்கள். கேபினுக்குள் வெளிக்காற்று போகும் வழி அங்கேதான் தொடங்குகிறது. அங்கே சருகு கிடந்தால் கூட்டுக்கான பொருளும் கூடு கட்டும் இடமும் அடுத்தடுத்து அமைந்துவிடும்.

## 4. உள்ளே ஏற்கெனவே யாராவது குடியிருக்கிறார்களா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய் ஓட்டையை அடைப்பவர்கள் எலியை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். வழி அடைபட்ட எலி புது வழி கடிக்கும். அந்த வழி வயர்க் கட்டின் ஊடாகவோ சீட் நுரையின் ஊடாகவோ போகலாம். உள்ளேயே செத்தால் நாற்றத்தைத் தேடி டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும்.

பார்க்க வேண்டிய இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

இன்ஜின் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். எலிக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாலாபுறமும் சுவர், மேலே கூரை, கடித்தால் பஞ்சாகும் ஃபில்டர், ஒரே ஒரு நுழைவாயில். ஃபில்டரின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் பானட்டைத் திறந்தால் கண்ணாடி அடியில் இருக்கும். காரின் கையேட்டில் இடம் போட்டிருப்பார்கள். ஃபில்டரை உருவியதும் அதன் அடியில் இருக்கும் ஊதி விசிறிக்குள்ளும் டார்ச் அடியுங்கள்.

பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பில் பிய்ந்த இடம் இருக்கிறதா? இன்ஜின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள். கொட்டை ஓடுகள் கிடந்தால் வந்தது அணிலாக இருக்கலாம். கடைசியாகப் பேட்டரித் தட்டு, ஸ்டெப்னி குழி, பின் சீட்டின் அடி.

புழுக்கையோ சிறுநீர் வாடையோ இருந்தால் அதை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த படி. ஒரு எலி விட்டுப்போன சிறுநீரின் மணம் அடுத்த எலிக்கு அழைப்பு. எப்படிக் கழுவுவது என்பது 13வது படியில் இருக்கிறது. அதைப் படிக்காமல் துடைப்பத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

## 5. இன்ஜின் வேலைகளை இப்போதே முடியுங்கள்

எரிபொருள் நிரப்புவது, அதில் நிலைப்படுத்தி (நெடுநாள் நிற்கும் எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம்) ஊற்றுவது, ஊற்றிய பிறகு அது குழாய்களுக்குள் போய்ச் சேரப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுவது, ஆயில் மாற்றுவது, 8வது படியில் சொல்லும் இடைவெளியோடு காரை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது: இவை எல்லாம் அடைப்பு வேலைக்கு முன்னால் முடிய வேண்டும். சைலன்சரையும் காற்று வழியையும் மூடிய பிறகு இன்ஜினைத் தொடக் கூடாது. ஷெட்டுக்குள் ஓட்டுவதானால் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

## 6. ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள்

இன்ஜின் வேலை முடிந்ததும், பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே, ஏசி பொத்தானை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். வெளிக்காற்று வழியில் இருக்கும் மடல் அப்போது மூடிக்கொள்ளும். கண்ணாடி அடிப் பள்ளத்தில் இறங்கிய எலி அந்த மடலைத் தாண்டிக் கேபினுக்குள் வருவது கடினமாகிவிடும்.

இப்போதைய கார்களில் இந்த மடலை நகர்த்துவது ஒரு சிறு மோட்டார். பேட்டரியைக் கழற்றிய பிறகு பொத்தானை அழுத்திப் பயனில்லை. சில கார்கள் நிறுத்தியதும் தானாக வெளிக்காற்று நிலைக்குத் திரும்பிவிடும். சாவியை அணைத்து, மறுபடி போட்டு, பொத்தான் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். திரும்பிவிடும் ரகம் என்றால் அடுத்த படியில் சொல்லும் வலை உங்களுக்குக் கட்டாயம்.

எல்லாக் கண்ணாடியையும் முழுக்க ஏற்றுங்கள். ஈரக் காற்று வெளியேறட்டும் என்று விரல்கடை இடைவெளி விடுவது எலிக்கு விட்ட கதவு.

## 7. காரின் ஓட்டைகளை மூடுங்கள்

இன்ஜினும் சைலன்சரும் முழுக்க ஆறிய பிறகு இதைச் செய்யுங்கள். மறுநாள் காலை வைத்துக்கொண்டால் நிம்மதி.

இன்ஜின் காற்று வாய். ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று கொண்டுபோகும் குழாயின் முன்முனையைக் கண்டுபிடியுங்கள். அதன் வாயில் கம்பி வலையைத் தொப்பியாக மடித்துப் போட்டு, வெளிப்பக்கம் கம்பியால் கட்டுங்கள். உள்ளே நாரைத் திணிக்க வேண்டாம். நாரின் இழை பிரிந்து உள்ளே விழுந்தால், ஃபில்டரைத் தாண்டிய பக்கம் அது போகும் இடம் இன்ஜின். இந்தக் குழாய்க்கு நார் கிடையாது, வலை மட்டுமே.

கண்ணாடி அடிப் பள்ளம். வெளிக்காற்று போகும் பிளாஸ்டிக் சல்லடையின் மேலே கம்பி வலையை அளவாக வெட்டிப் பதியுங்கள். ஓரம் பெயின்டைக் கீறாமல் இருக்க வலையின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டையை எலி கடித்துவிடும், கம்பியே நல்லது.

சைலன்சர் குழாய். இங்கே நார் திணிக்கலாம். ஆனால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், இழுத்தால் ஒரே துண்டாக வர வேண்டும். வலைத்தொப்பி போட்டு கிளாம்ப் முடுக்கினால் இன்னும் நல்லது.

பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுப் போக்கிகள். கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேற, பம்பருக்குப் பின்னால் ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் பெரும்பாலான கார்களில் உண்டு. டிக்கியின் பக்கவாட்டு விரிப்பை விலக்கினால் தெரியும். இங்கே ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. மடல் கிழிந்திருந்தால் மாற்றுங்கள்; உட்புறமாக வலை வைக்கலாம். நிரந்தரமாக ஒட்டி மூடக் கூடாது, பிறகு கதவு சாத்தச் சிரமப்படும், கண்ணாடியில் ஆவி படியும்.

தரைத் துளைகள். பழைய கார்களில் அடித்தட்டின் ரப்பர் மூடிகள் விழுந்துபோய் இருக்கும். கிளட்ச் கேபிளும் வயர்க் கட்டும் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். அவற்றைப் புதிதாகப் போடுங்கள். ஆனால் கதவின் அடியிலும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியின் அடியிலும் இருக்கும் நீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். எலிக்குப் பயந்து அவற்றைச் சீலன்ட் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும்.

செப்பு நாரை அலுமினியப் பாகத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். சாதாரண இரும்பு நாரும் வேண்டாம், சில மாதத்தில் துரு வழிந்து பெயின்டில் கறை விடும்.

ஒவ்வொரு அடைப்பிலும் பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைத் தொங்க விடுங்கள். அடைத்த இடங்களை அட்டையில் எழுதி, அதைச் சாவியோடு கட்டுங்கள். ஸ்டியரிங்கில் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். காரைக் குளிர் முடிந்ததும் எடுப்பது வீட்டில் வேறொருவராக இருக்கலாம். சாவியோடு இருந்தால் கதவைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் படும்.

## 8. பேட்டரியைக் கழற்றி, நிறுத்திய விதத்தைச் சரிபாருங்கள்

நெகட்டிவ் (−) முனை வயரை முதலில் கழற்றுங்கள். மின்சாரம் இல்லாத வயரை எலி கடித்தால் வயர் போகும். மின்சாரம் ஓடும் வயரைக் கடித்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பேட்டரியை வெளியே எடுத்து வைத்தாலும், காரிலேயே விட்டாலும் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தீர்ந்த லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். முழு சார்ஜ் உள்ளது மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது.

கழற்றும் முன் ஒன்று: டிக்கி மின்பூட்டு உள்ள காரானால், சார்ஜரையும் ஸ்பேனரையும் டிக்கிக்குள் வைத்துச் சாத்திவிடாதீர்கள். சிரிப்பு வரும், ஆனால் இது நடக்கிற விஷயம்.

நிறுத்தும்போது எந்தச் சுவருக்கும் அரை மீட்டராவது இடைவெளி விடுங்கள். ஏணி, தொங்கும் கயிறு, அடுக்கிய பலகை எதுவும் காரைத் தொடக் கூடாது. துணி உறை போடுவதானால் அதன் விளிம்பு தரையில் புரளாமல் மேலே கட்டுங்கள். தரையில் புரளும் உறை ஏறி வர வசதி, அடியில் ஒளிய நிழல்.

பானட்டைத் திறந்து வைக்கலாமா? கூரைக்குக் கீழே நிற்கும் காரென்றால் வைக்கலாம் என்பது என் கருத்து. எலி தேடுவது இருண்ட, காற்று படாத பொந்து. திறந்த பானட் அந்த இரண்டையும் கெடுக்கிறது, வாரச் சோதனையும் எளிதாகிறது. ஆனால் இதை மட்டும் நம்பி மற்றவற்றை விடக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டி எப்படியும் மூடியேதான் இருக்கும்.

டயரை விட்டுத் தாங்கிகளில் ஏற்றி நிறுத்தினால் எலி ஏறாது என்று சிலர் நம்புகிறார்கள். சொரசொரப்பான இரும்புத் தாங்கி எலிக்குப் படிக்கட்டு. ஏற முடியாதது வழவழப்பான தகடு மட்டுமே. வசதி இருந்தால் காரைச் சுற்றி அரை மீட்டர் உயரத் தகட்டு வேலி நிறுத்தலாம். சுண்டெலியால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தாவ முடியும் என்பதால்தான் அந்த உயரம். மூட்டுகளில் இடைவெளி இருக்கக் கூடாது. வேலை அதிகம், பலன் நிச்சயம்.

திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டும் என்றால் புல், செடி, விறகுக் குவியல் இவற்றிலிருந்து தள்ளி, கான்கிரீட்டிலோ ஜல்லியிலோ நிறுத்துங்கள். சுற்றிலும் ஒளிய இடமில்லாத வெட்டவெளியைக் கடக்க எலிக்குப் பயம்.

## 9. சுற்றிலும் பொறி வையுங்கள்

எலி நடுத்தரையில் அலையாது. சுவரை உடம்பு உரச ஓடும். ஆகவே பொறியை அறையின் நடுவில் வைக்காமல், சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாலும் அடிபடும். சுவரோரம் ஆறு, டயர்களுக்கு உட்புறம் இரண்டு என்று தொடங்குங்கள்.

இரைக்கு வேர்க்கடலை வெண்ணெய் பட்டாணி அளவு போதும். நிறைய அப்பினால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போகும். கூடு கட்டும் பருவம் என்பதால் பஞ்சு நூலைச் சுற்றிக் கட்டி வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. நூலை இழுத்தாக வேண்டும், இழுத்தால் பொறி விழும்.

இரை வைத்த பொறியைக் காருக்குள் வைக்காதீர்கள். எலி இல்லாத காருக்குள் உணவு வாசனையை நாமே பரப்புவது எதற்கு? எலி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் கால் வைக்கும் இடத்தில் வைத்து, தினமும் பாருங்கள். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் வரும் ஷெட்டானால் பொறியைப் பெட்டிக்குள் வையுங்கள். பசைத் தட்டு வேண்டாம். ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

வீட்டுச் சுண்டெலி 19 முதல் 21 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி சாதாரணம். அதனால் பொறியில் ஒன்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று எடுத்துவிடாதீர்கள்.

## 10. வாசனை, ஒலி, விஷம்: எதை எவ்வளவு நம்பலாம்

புதினா எண்ணெய் சில நாளில் ஆவியாகிவிடும், அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். துணி உலர்த்தியில் போடும் மணத் துணியை எலி கிழித்துக் கூட்டிலேயே போட்டுக்கொள்ளும். அந்துருண்டையின் ஆவி மனிதருக்கும் நஞ்சு. சீட் நுரையில் ஊறிய அந்த நாற்றம் போகப் பல மாதமாகும், அதற்குள் எலி வாசனைக்குப் பழகியும் போயிருக்கும். மீயொலிக் கருவியும் அப்படித்தான், தொடக்கத்தில் விலகும் எலி சில நாளில் கண்டுகொள்ளாது.

மிளகாய்க் காரம் ஏற்றிய மின்டேப் ஓரளவு பயன்படும். ஹோண்டா நிறுவனம் இதைத் தன் உதிரிபாகமாகவே விற்கிறது. முன்பு கடிபட்ட வயர்க் கட்டுகளில் சுற்றலாம். கடித்தால்தான் காரம் தெரியும் என்பதால் கூடு கட்டுவதை அது தடுக்காது.

விஷம் வைக்கவே வேண்டாம். எலி விஷங்களில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி சாகச் சில நாளாகும். தண்ணீர் தேடி வெளியே போய்த்தான் சாகும் என்ற பேச்சை நம்பிப் பலர் வைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பலவீனமான எலி பத்திரமான பொந்து தேடும், அது உங்கள் டேஷ்போர்டாக இருக்கலாம். விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே கதி.

## 11. வாரம் ஒரு முறை பாருங்கள்

ஒவ்வொரு டயரைச் சுற்றியும் தரையில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். கால் தடம் இருந்தால் எந்தச் சக்கரம் வழியாக ஏறுகிறது என்பது தெரியும். மாவு தூவாதீர்கள், அது தீனி.

வாரம் ஒரு முறை தடம், பொறி, பானட் உட்புறம், ரிப்பன்கள் இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. தடம் தெரிந்தால் அந்தப் பக்கம் பொறிகளைக் கூட்டுங்கள், ஏர் ஃபில்டர் பெட்டியை அன்றே திறந்து பாருங்கள். மாதக் கணக்கில் விட்டால் ஒரு எலி குடும்பமாகிவிடும்.

இடையில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டினால் எலி ஓடிவிடும் என்று சொல்வார்கள். அடைப்பு போட்ட காரில் அது ஆபத்து. அடைப்பு இல்லாவிட்டாலும், சூடேறும் முன் அணைத்த இன்ஜினில் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

## 12. வெளியே எடுக்கும் நாள்

சாவியைப் போடுவது கடைசி வேலை. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு அடைப்பையும் எடுத்து, அட்டையில் அடித்துக்கொண்டே போங்கள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகே அடுத்த வேலை.

பேட்டரியை இணைக்கும் முன் 4வது படியில் சொன்ன அதே இடங்களைத் திரும்பப் பாருங்கள். குறிப்பாக இன்ஜின் மேல் மூடிக்கு அடியிலும், சைலன்சர் தொடங்கும் இடத்திலும், அதன் வெப்பத் தகடுகளின் இடுக்கிலும். அங்கே கூடு இருந்து இன்ஜின் சூடேறினால் காய்ந்த பஞ்சு பற்றிக்கொள்ளும். பெல்ட், ரப்பர் குழாய், பிரேக் குழாய்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் முறை ஏசி விசிறியைப் போடும்போது கதவுகளைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடி குறைந்த வேகத்தில் போடுங்கள். டகடகவென்று சத்தமோ வாடையோ வந்தால் உடனே அணைத்து ஊதி விசிறியைக் கழற்றிப் பாருங்கள்.

## 13. எலி வந்துவிட்டிருந்தால்

கூட்டைக் கண்டதும் வேக்குவம் போடத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூளாகிக் காற்றில் பறந்து மூச்சில் போகும். எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும். வட அமெரிக்காவின் மான் சுண்டெலி போன்றவை ஹன்டா வைரஸைச் சுமக்கின்றன, அது நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது.

கதவு, டிக்கி, ஷெட் எல்லாவற்றையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றே கலந்து, கூடும் புழுக்கையும் நனையத் தெளித்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு காகிதத் துண்டால் அள்ளி, இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். சீட் துணியில் ப்ளீச் நிறத்தை எடுத்துவிடும், அங்கே துணிக்கான கிருமிநாசினி போதும். உலோகத்தில் பட்ட ப்ளீச்சை நீரால் துடையுங்கள். இரண்டு ஃபில்டர்களையும் கழுவிப் போட நினைக்காமல் புதிதாக மாற்றுங்கள்.

வாடை போகவில்லை என்றால் நொதி கலந்த சுத்தம் செய்யும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். மணத் தெளிப்பான் நம் மூக்கை ஏமாற்றும், எலி மூக்கை ஏமாற்றாது.

கடிபட்ட வயரில் சாதாரண விளக்கு, சென்சார் வயர்களை ஒரு எலக்ட்ரீஷியன் ஒட்டித் தந்துவிடுவார். மஞ்சள் உறை உள்ளவை ஏர்பேக் வயர்கள், ஆரஞ்சு உறை உள்ளவை ஹைபிரிட், மின்சாரக் கார்களின் உயர் அழுத்த வயர்கள். இந்த இரண்டிலும் பல் தடம் தெரிந்தால் பேட்டரியை இணைக்காமல், காரை இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். எதையும் அகற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் எலிச் சேதம் அடங்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்; அடங்கும் என்றால் கேட்கும் முதல் சான்று அந்தப் படம்தான்.